நவம்பரைத் தவறவிட்ட ஓர் அப்பாவின் குறிப்புகள்: அமெரிக்கக் கல்லூரிகளில் எர்லி அட்மிஷனும் மெரிட் நேர்காணலும்

என் பெரிய மகளுக்கு மார்ச் கடைசியில் அட்மிஷன் வந்தது. அவள் ஆசைப்பட்ட தனியார் கல்லூரி. வீடே கொண்டாடியது. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன், ஸ்காலர்ஷிப் என்ற சொல்லே அதில் இல்லை. மறுநாள் அட்மிஷன் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். எடுத்தவர் கனிவாகத்தான் சொன்னார்: "மெரிட்டுக்குக் கெடு நவம்பரிலேயே முடிந்துவிட்டதே. உங்கள் மகளின் விண்ணப்பம் ஜனவரியில்தானே வந்தது?"

அவளுடைய கோப்பை மெரிட் குழு, அதாவது திறமை பார்த்துத் தரும் ஸ்காலர்ஷிப்பை முடிவு செய்யும் குழு, திறந்தே பார்க்கவில்லை. தவறு கல்லூரியின் மேல் இல்லை. இரண்டு கெடுவும் ஒரே இணையப் பக்கத்தில்தான் இருந்தன, நான்கு பத்தி இடைவெளியில். நாங்கள் முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டோம்.

இரண்டு வருடம் கழித்துச் சின்னவன் விண்ணப்பித்தபோது வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தோம். முதலில் மெரிட் தேதி, பிறகு அட்மிஷன் தேதி. அவனுக்கு இரண்டு கல்லூரிகளிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. ஒன்று கிடைத்தது, ஒன்று போனது. அந்த இரண்டு சுற்றிலும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு இது அதிகம் உதவும். பன்னிரண்டில் இருந்தால், செப்டம்பர் தாண்டாதவரை இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் பட்டியலைப் பிரியுங்கள்

நம் வீடுகளில் மறுபடி மறுபடி கேட்கும் ஒரு வாக்கியம்: "நல்லாப் படிச்சா ஹார்வர்டே ஸ்காலர்ஷிப் கொடுத்துக் கூப்பிடும்." கூப்பிடாது. ஹார்வர்ட் உட்பட ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதே இல்லை. எம்ஐடி-யும் அப்படியே. ஸ்டான்ஃபோர்டில் விளையாட்டுக்கு உண்டு, படிப்புக்கு இல்லை. இவர்கள் தரும் பணம் முழுக்க வீட்டு வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தருவது. வருமானம் குறைவான குடும்பத்துக்கு அது மிகத் தாராளமாகவே இருக்கும். ஆனால் அப்பா அம்மா இருவரும் ஐடி வேலையில் இருக்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் முழுக் கட்டணப் பில்தான் வரும். பல தனியார் பல்கலைக்கழகங்களில் தங்கும் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து அது இன்று வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, பிள்ளை விரும்பும் கல்லூரிகளை இரண்டாகப் பிரியுங்கள்: தேவை பார்த்துத் தருபவை, திறமை பார்த்தும் தருபவை. முதல் வகைக்கு ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்கிறது. 2011 முதல் சட்டப்படி அதை வைத்தே ஆகவேண்டும். வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். எண்ணைப் பார்த்தபிறகு நடக்கும் பேச்சு ஆகஸ்டில் நடந்தால் பேச்சு. ஏப்ரலில் நடந்தால் அழுகை.

இரண்டாம் வகைக்கு என் கைக்கருவி 'காமன் டேட்டா செட்'. பெரும்பாலான கல்லூரிகள் வருடா வருடம் வெளியிடும் ஒரு சலிப்பூட்டும் ஆவணம். கல்லூரிப் பெயரோடு இதைச் சேர்த்துத் தேடினாலே கிடைக்கும். அதில் 'எச்' பகுதிக்குப் போங்கள். 'எச்2ஏ' என்ற அட்டவணையில், பணத்தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரி தன் பணத்திலிருந்து மெரிட் கொடுத்தது, சராசரியாக எவ்வளவு கொடுத்தது என்று இருக்கும். அதற்கு மேலே 'எச்2'-வில் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் தேவை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று இருக்கும்.

கணக்கு இவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கல்லூரி: முதலாண்டில் சேர்ந்தவர்கள் 1,800, தேவை உள்ளவர்கள் 900. மீதி 900 பேர் உங்களைப் போன்ற குடும்பங்கள். எச்2ஏ-வில் 90 என்று போட்டிருந்தால், பத்தில் ஒருவருக்குத்தான் மெரிட். 450 என்றிருந்தால் இரண்டில் ஒருவருக்கு. சராசரித் தொகை 8,000 டாலர் என்றால் அது எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்கும் கல்லூரி. 40,000 என்றால் சிலருக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கும் கல்லூரி. நேர்காணல் பெரும்பாலும் இரண்டாம் ரகத்தில்தான் வரும்.

'எர்லி' எல்லாம் ஒன்றல்ல

இங்கேதான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம்.

எர்லி டிசிஷன், சுருக்கமாக ஈடி: கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் மூவரும் கையெழுத்திட வேண்டும். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. முடிவு டிசம்பர் நடுவில். இதற்கே இரண்டாம் சுற்று ஒன்று, ஈடி-2, ஜனவரியில் சில கல்லூரிகளில் உண்டு.

எர்லி ஆக்‌ஷன், ஈஏ: கட்டுப்பாடு இல்லை. சீக்கிரம் போடுகிறீர்கள், சீக்கிரம் பதில் வருகிறது, மே 1 வரை யோசிக்கலாம். எத்தனை கல்லூரிக்கும் போடலாம்.

ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்ட், நோட்டர் டேம் போன்றவை வைத்திருப்பது. சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் மற்ற தனியார் கல்லூரிகளுக்கு எர்லியில் போடுவதற்குப் பெரும்பாலும் தடை இருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. ஸ்காலர்ஷிப்புக்காக எர்லி கெடு இருக்கும் இடங்களுக்குச் சில கல்லூரிகள் தனி விலக்கும் தருகின்றன. நோட்டர் டேமின் விதி ஹார்வர்டின் விதி போல இருக்காது. பக்கத்தை வரி வரியாகப் படியுங்கள்.

இப்போது மெரிட்டுக்கு இவை என்ன செய்கின்றன என்று பார்ப்போம். கல்லூரி மெரிட் தருவது எதற்கு? வேறு இடத்துக்குப் போய்விடக்கூடிய நல்ல மாணவனைத் தன் பக்கம் இழுக்க. ஈடி-யில் கையெழுத்திட்டவன் எப்படியும் வரப்போகிறவன். அவனை இழுக்க எதற்குக் காசு? எல்லாக் கல்லூரியும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஈடி-யில் வந்தவர்களையும் மெரிட் சுற்றில் சமமாகவே பார்ப்பதாகச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. ஆனாலும் உங்கள் கையில் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. இன்னொரு கல்லூரியின் கடிதத்தைக் காட்டி "இவர்கள் இவ்வளவு தருகிறார்கள்" என்று கேட்க முடியாது, அந்தக் கடிதமே வந்திருக்காது.

கொடுக்கும் உதவி குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் ஈடி ஒப்பந்தத்திலிருந்து விடுவிப்பு கேட்கலாம் என்பது உண்மை. நெட் பிரைஸ் கால்குலேட்டர் முன்பே காட்டிய தொகையைத்தான் கல்லூரியும் கேட்கிறது என்றால் அந்த வாதம் எடுபடாது. என் கருத்தைக் கேட்டால், பணம் ஒரு பொருட்டு என்ற வீட்டில் ஈடி வேண்டாம். ஈஏ-வை விட்டுவைக்கவும் வேண்டாம்.

ஈடி-யில் சேர்க்கை விகிதம் கூடுதலாகத் தெரிவதைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் விளையாட்டுக்காக முன்பே பேசி வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பல இடங்களில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுகிற விகிதம் உங்கள் பிள்ளைக்கு உரியது. அதை யாரும் அச்சிட்டுத் தருவதில்லை.

தேதிகளைச் சுவரில் ஒட்டுங்கள்

நாங்கள் ஓர் ஒட்டுத்தாளில் மூன்று நெடுவரிசை போட்டோம்: கல்லூரி, மெரிட் கெடு, அதற்குத் தனி விண்ணப்பம் உண்டா. மூன்றாவது நெடுவரிசையில்தான் விஷயமே இருக்கிறது.

சில இடங்களில் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம், சீக்கிரம் போட்டாலே போதும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பேனெக்கர்/கீ ஸ்காலர்ஷிப்புக்கு நவம்பர் 1 ஈஏ கெடுவுக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஜார்ஜியா டெக்கின் ஸ்டாம்ப்ஸ் ஸ்காலர்ஷிப்பும் ஈஏ-வில் வந்தவர்களுக்கே. அங்கே ஜார்ஜியா மாநில மாணவர்களுக்கு அக்டோபர் நடுவிலும் மற்றவர்களுக்கு நவம்பர் தொடக்கத்திலும் கெடு. யுஎஸ்சி-யில் (தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம்) முழுக் கல்விக் கட்டணம் தரும் ட்ரஸ்டீ ஸ்காலர்ஷிப் போன்றவற்றுக்கு, பெரும்பாலான பாடங்களில், நவம்பர் 1 ஈஏ-தான் வாசல். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ட்ரஸ்டீ ஸ்காலர்ஷிப்புக்கு டிசம்பர் 1, ஆனால் அதற்குத் தனிக் கட்டுரையும் எழுத வேண்டும். எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்ஸ் திட்டத்துக்கு நவம்பர் 15.

சில இடங்களில் தனி விண்ணப்பமும் தனிக் கட்டுரையும் உண்டு. வாண்டர்பில்ட்டின் கார்னீலியஸ் வாண்டர்பில்ட், இங்க்ரம் போன்றவை அப்படி, டிசம்பர் 1 கெடு. வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், 1945-ல் தொடங்கிய பழைய திட்டம், அதைவிட முன்பே, அக்டோபரிலேயே கெடுவை வைத்திருக்கிறது.

மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது, அதில் நீங்களாகப் போட முடியாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஷிப்புக்குப் பள்ளிதான் பரிந்துரைக்க வேண்டும். உங்கள் பள்ளி அதில் சேர்ந்திருக்கிறதா, உள்ளே யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று செப்டம்பர் முதல் வாரத்திலேயே கவுன்சிலரிடம் பிள்ளையே கேட்க வேண்டும். பெற்றோர் எழுதும் மின்னஞ்சலைவிடப் பிள்ளை நேரில் போய் நிற்பது நல்லது. நானூறு மாணவர்களைப் பார்க்கும் கவுன்சிலருக்கு முகம் தெரிந்த பிள்ளைதான் நினைவில் நிற்கும்.

இந்தத் தேதிகள் மாறும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய வருடத்துக்குத் திறக்கும். அந்த வாரத்தில் ஒவ்வொரு கல்லூரியின் சொந்தப் பக்கத்தையும் பார்த்து ஒட்டுத்தாளைத் திருத்துங்கள். நண்பர் அனுப்பிய போன வருட எக்செல் தாளை நம்பி உட்காராதீர்கள்.

எச்-4 பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பேச்சு

நம்மில் பாதிப் பேர் இதில்தான் இருக்கிறோம், ஆகவே மறைக்காமல் சொல்கிறேன். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசின் உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைத்துத்தான் உதவிக்குப் பரிசீலிக்கும், அவன் முதல் வகுப்பிலிருந்து இங்கேயே படித்திருந்தாலும் சரி. நேஷனல் மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கு முன்பு குடியுரிமையோ, கிரீன் கார்டோ, நிலுவையில் உள்ள கிரீன் கார்டு விண்ணப்பமோ கேட்டார்கள்; இப்போது அந்த நிபந்தனை அமெரிக்காவுக்கு வெளியே பள்ளியில் படிப்பவர்களுக்குத்தான். அதற்கான தேர்வு, பிஎஸ்ஏடி, பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் வரும்.

கல்லூரியின் சொந்தப் பணத்தில் தரும் மெரிட் பலவற்றில் குடியுரிமை நிபந்தனை இல்லை. மோர்ஹெட்-கெய்ன் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கிறது. அதனால் எச்-4 வீட்டுக்கு இந்த வழிதான் பெரிய வழி. ஒவ்வொரு திட்டத்தின் தகுதிப் பக்கத்திலும் 'சிட்டிசன்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், வரும் பதிலைச் சேமித்து வையுங்கள். படிக்கும்போதே 21 வயது நிறைந்து எச்-4 முடிந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் ஸ்காலர்ஷிப் தொடருமா, மாநில மாணவர் கட்டணம் தொடருமா என்று சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோப்பைத் தயார் செய்வது

இதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது, நான் சுருக்கமாகவே போகிறேன். ஆசிரியர் பரிந்துரைக் கடிதத்தைப் பதினொன்றாம் வகுப்பு முடியும் மே மாதமே கேட்டுவிடுங்கள். அக்டோபரில் கேட்டால் கிடைக்கும், அவசரமாக எழுதிய கடிதமாகக் கிடைக்கும். எஸ்ஏடி தேர்வோ ஏசிடி தேர்வோ ஆகஸ்டுக்குள், தள்ளிப்போனால் அக்டோபருக்குள் முடியட்டும். இந்தத் தேர்வு மதிப்பெண்ணை அனுப்புவது மாணவரின் விருப்பம் என்று விட்டிருக்கும் கல்லூரிகளிலும் மெரிட்டுக்கு மட்டும் மதிப்பெண் கேட்பவை உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

காமன் ஆப்பில் பத்து நடவடிக்கைகள் எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்துகள். பத்தையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று நம்மவர்கள் துடிப்போம். மெரிட் குழு பார்ப்பது முதல் இரண்டு மூன்றைத்தான் என்று வைத்து எழுதுங்கள். ஆறு வருடம் ஒரே வேலையைச் செய்த பிள்ளைக்கும், ஆறு மாதத்தில் ஆறு சங்கத்துக்குத் தலைவரான பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குப் படித்த மாத்திரத்தில் தெரியும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டுரையில் எழுதுவது எல்லாம் பிப்ரவரியில் கேள்வியாகத் திரும்பி வரும். மூன்று மாதம் கழித்து அதைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியாது என்றால் அதை எழுதாதீர்கள்.

வாய்ப்பு எவ்வளவு?

எல்லாரும் கேட்பது இதைத்தான். கட்-ஆஃப் மார்க் பார்த்தே வளர்ந்த நமக்கு, "4.0 ஜிபிஏ, 1550 எஸ்ஏடி, கிடைக்குமா?" என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை. தானாகக் கிடைக்கும் மெரிட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில அரசுப் பல்கலைக்கழகங்கள், இந்த ஜிபிஏ-வுக்கு இந்த மதிப்பெண் இருந்தால் இவ்வளவு டாலர் என்று அட்டவணையே போட்டிருக்கின்றன. அங்கே நேர்காணலும் இல்லை, நகம் கடிக்கவும் வேண்டாம். பட்டியலில் அப்படி ஒன்றிரண்டு இருந்தால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

போட்டி மெரிட்டில் கணக்கு மூன்று படியாக வரும்: அட்மிஷன் கிடைப்பது, இறுதிச் சுற்றுக்குக் கூப்பிடப்படுவது, அதில் தேர்வாவது. முதல் படியில் ஜிபிஏ-வும் மதிப்பெண்ணும் உங்களை உள்ளே விடும். இரண்டாவது படியில் உங்களைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் அதே ஜிபிஏ-வும் அதே மதிப்பெண்ணும் உள்ளவர்கள். ஆகவே அங்கே அவை ஒன்றுமே சொல்லாது. மூன்றாவது படியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேரைக் கூப்பிடுகிறீர்கள், எத்தனை பேருக்குத் தருகிறீர்கள்? பல திட்டங்கள் இதைத் தங்கள் பக்கத்திலேயே சொல்லியிருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் சொல்வார்கள். மூன்றில் ஒருவருக்கு என்பதற்கும் பத்தில் ஒருவருக்கு என்பதற்கும், பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்து விமானம் ஏறும்போது நிறைய வித்தியாசம் இருக்கிறது.

'எத்தனை பேருக்குத் தருகிறோம்' என்பதிலும் ஒரு நுணுக்கம். பதினைந்து இடம் என்றால் பதினைந்து பேருக்கு மட்டும் கடிதம் அனுப்ப மாட்டார்கள். சிலர் வேறு கல்லூரிக்குப் போவார்கள் என்று கூடவே அனுப்புவார்கள், அல்லது காத்திருப்போர் பட்டியல் வைத்திருப்பார்கள். ஏப்ரல் கடைசியில் போன் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் இடம் உறுதியா? இடத்தைப் பொறுத்தது. பல்கலைக்கழகமே நடத்தும் திட்டத்தில், எர்லி முடிவு வந்தபிறகு அழைத்தால், சேர்க்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது. தனி அறக்கட்டளை நடத்தும் திட்டத்தில், அட்மிஷனை இன்னொரு அலுவலகம் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கும். அழைப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இது எழுதியிருக்கும்.

அழைப்பு வரவில்லை என்றால்? பாதிக் கட்டணம், கால் கட்டணம் போன்றவற்றைப் பல கல்லூரிகள் நேர்காணல் இல்லாமலேயே தருகின்றன. எர்லியில் 'டிஃபர்' என்று, அதாவது முடிவைப் பொதுச் சுற்றுக்குத் தள்ளிவைத்து, வந்தால், சேர்க்கைக்கு இன்னும் வழி இருக்கிறது, ஆனால் பெரிய மெரிட் பெரும்பாலும் கை நழுவிவிட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்த கல்லூரியின் வேலையைப் பாருங்கள். இந்த நேரத்தில் பிள்ளையின் போனைப் பிடுங்கி, யாருக்கு எந்த நாள் அழைப்பு வந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். நான் தேடினேன். இரண்டு வாரத் தூக்கம் போனது மட்டும்தான் மிச்சம்.

நேர்காணல்

இரண்டு வகை நேர்காணல் இருக்கிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம். இலையுதிர் காலத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் காபி கடையிலோ ஜூமிலோ பேசுவது அட்மிஷன் நேர்காணல். பெரும்பாலும் அதற்கு எடை குறைவு. காமன் டேட்டா செட்டின் 'சி7' அட்டவணையில் அந்தக் கல்லூரி நேர்காணலுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்காலர்ஷிப் நேர்காணல் வேறு. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வரும். எதிரே இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்: ஒரு பேராசிரியர், ஒரு நிர்வாகி, ஒருவேளை அதே ஸ்காலர்ஷிப்பில் படிக்கும் மாணவர். சில இடங்களில் குழுவாக உட்கார வைத்து ஒரு சிக்கலைக் கொடுத்துப் பேச விடுவார்கள். சில இடங்களில் ஒரு முழு வார இறுதியே வளாகத்தில்.

சின்னவனுக்கு அழைப்பு வந்த அன்று, நான் அலுவலகத்தில் ஆட்களை எடுக்கும் அனுபவத்தோடு களத்தில் இறங்கினேன். நாற்பது கேள்வி அச்சடித்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, "உன்னைப் பற்றிச் சொல்" என்றேன். அவன் மூச்சு விடாமல் ஒன்றரை நிமிடம் ஒப்பித்தான். கட்டுரையின் முதல் பத்தி, வரி மாறாமல். கேட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள். "டேய், நீ இப்படியாடா பேசுவ?" என்றாள். அவனும், "அப்பா, இது நான் பேசற மாதிரியே இல்ல" என்றான். நாற்பது கேள்வியும் குப்பைத் தொட்டிக்குப் போனது.

அடுத்த நாள் அவளே அவனைக் கேட்டாள். முதல் கேள்வி: "ஹோம்வொர்க்கே இல்லாத ஒரு சனிக்கிழமை, காலையில் எழுந்து என்ன செய்வ?" அவன் தயங்கி, பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போடுவதைச் சொன்னான். எங்கே வாங்குவது, எந்த மாடலில் எந்தப் பகுதி முதலில் கெடும், ஒன்றைச் சரிசெய்யப் போய் இரண்டு வாரம் வீணானது. விண்ணப்பத்தில் அது ஒரு வரிகூட இல்லை. நேர்காணலில் முக்கால்வாசி நேரம் அதைத்தான் பேசியிருக்கிறார்கள். குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர், "அந்த இரண்டு வாரத்தில் என்ன தவறாகப் புரிந்துகொண்டிருந்தாய்?" என்று கேட்டாராம். அந்த ஸ்காலர்ஷிப்தான் கிடைத்தது.

கிடைக்காத மற்றொன்றில், "எங்கள் திட்டத்தில் சேர்ந்தால் எங்களுக்கு என்ன கொண்டு வருவாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். இவன் திட்டத்தின் பக்கத்தில் இருந்ததையே திருப்பிச் சொல்லியிருக்கிறான். வெளியே வந்ததுமே தெரிந்துவிட்டது, முகத்தில் எழுதியிருந்தது.

ஆக, தயாரிப்பு என்று நான் சொல்வது இதுதான். தன் விண்ணப்பத்தை முழுதாக அச்செடுத்து ஒருமுறை படிக்கட்டும். நவம்பரில் எழுதியது பாதி மறந்திருக்கும். ஐந்தாறு உண்மைச் சம்பவங்களைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்: தோற்ற ஒன்று, மனம் மாறிய ஒன்று, யாரோடோ முரண்பட்ட ஒன்று, நேரம் போவது தெரியாமல் செய்த ஒன்று. வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், சம்பவம் நினைவில் இருந்தால் போதும். அண்மையில் படித்த ஒரு புத்தகமோ செய்தியோ பற்றி ஒரு கருத்து இருக்கட்டும். பாடப் புத்தகம் கணக்கில் வராது. அந்தத் திட்டத்துக்கே உரிய ஒன்றை, கோடை ஆய்வுப் பணமோ வழிகாட்டி முறையோ, எதற்குப் பயன்படுத்துவேன் என்று சொல்லத் தெரிய வேண்டும். கடைசியில் "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்பார்கள். இணையப் பக்கத்தில் பதில் இருக்கும் கேள்வியைக் கேட்கக்கூடாது. "இந்தத் திட்டத்தில் இருக்கும் மாணவர்கள் எதைப் பற்றிக் குறை சொல்வார்கள்?" என்று எங்கள் பையன் கேட்டான், எதிரே இருந்த மாணவி சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடம் பேசினாளாம்.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. பெரியவர்களிடம் பணிவாக இருக்க வேண்டும் என்று வளர்த்திருக்கிறோம், அதனால் தான் செய்ததையும் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லிவிடுவார்கள். குழுவுக்கு அதில் இவன் பங்கு எது என்று புரியாது. தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்வது தற்பெருமை ஆகாது என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். குழு விவாதத்தில் எதிர்த் தவறு நடக்கும்: பேசாமல் இருந்தால் மதிப்பெண் போய்விடும் என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். அங்கே இன்னொருவர் சொன்னதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதன் மேல் ஒன்றைச் சேர்க்கிறவர் தனியாகத் தெரிவார்.

ஜூமில் நடந்தால் முந்தின நாளே அதே இடத்தில், அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். முகத்துக்கு எதிரே வெளிச்சம், கையருகே சார்ஜ் ஏறிய போன், அதில் அழைப்பாளரின் எண். நேர மண்டலத்தைப் பாருங்கள். கலிஃபோர்னியாக் கல்லூரியின் காலை ஒன்பது மணி நியூ ஜெர்சிக்குப் பகல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருந்தால் வேறு அறையில் இருங்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்காதீர்கள், நிழல் தெரியும். அன்று மாலையே இரண்டு மூன்று வரியில் நன்றி மின்னஞ்சல், பிள்ளையின் சொந்த வார்த்தையில்.

வளாகத்துக்குக் கூப்பிட்டால், பயணச் செலவை யார் தருகிறார்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. கல்லூரியே ஏற்கும் இடங்கள் உண்டு.

கிடைத்தபிறகு படிக்க வேண்டிய சின்ன எழுத்து

கடிதம் வந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை செமஸ்டருக்கு? பெரும்பாலும் எட்டு, ஐந்து வருடப் படிப்பு என்றால் கடைசி வருடம் உங்கள் பணம். எந்த ஜிபிஏ-வுக்குக் கீழே போனால் நிற்கும்? 3.0-வும் 3.5-வும் பொறியியல் முதல் வருடத்தில் ஒன்றல்ல. கட்டணம் வருடா வருடம் ஏறும்போது ஸ்காலர்ஷிப்பும் ஏறுமா, இல்லை முதல் வருடத் தொகையிலேயே நிற்குமா? வெளியிலிருந்து கிடைக்கும் சிறு ஸ்காலர்ஷிப்புகளைச் சேர்த்தால் கல்லூரி தன் தொகையைக் குறைத்துவிடுமா?

வரியும் உண்டு. பட்டப் படிப்பில் கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடப் புத்தகங்கள் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு மத்திய வருமான வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போகும் பகுதி பிள்ளையின் வருமானமாகக் கணக்காகும். தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாச் செலவையும் ஏற்கும் 'ஃபுல் ரைடு' கிடைத்த வீட்டில் அடுத்த ஏப்ரலில் இது திடீரென்று முளைக்கும்.

இன்னொரு கல்லூரி அதிகம் தருகிறது, பிள்ளைக்கு இதுதான் பிடித்திருக்கிறது என்றால், நிதி உதவி அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம், அந்தச் சலுகைக் கடிதத்தின் நகலோடு, ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்குள் அனுப்பலாம். சில கல்லூரிகள் அசையவே அசையாது. சில இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் ஏற்றித் தரும். கேட்டதற்காக யாரும் இடத்தைத் திரும்பப் பெறப்போவதில்லை.

மே 1-க்குள் ஒன்றுக்கு வைப்புத்தொகை கட்டிவிடுங்கள். அன்றே மற்ற கல்லூரிகளின் போர்ட்டலில் போய் 'வரவில்லை' என்ற பொத்தானையும் அழுத்தச் சொல்லுங்கள், ஸ்காலர்ஷிப் சலுகை இருந்தால் அதையும் சேர்த்து. அந்த இடத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் ஒரு பிள்ளை போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.